முப்பத்து மூன்றும் முப்பதும்

10 மே 1989

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம். உன் உடம்பும் மாமாவின் முழங்காலும் எப்படி என்று எழுது. லிஃப்ட் மெக்கானிக்கை மைத்துனனாக வைத்துக்கொண்டு தினமும் மாடிப்படி ஏறும் கதியா என்று அவர் புலம்புவது இங்கே வரை கேட்கிறது.

அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. மூன்று வருஷமாக மகள் கடுகுக்குச் சீருடையும் ஷூவும் வாங்கி வந்தவள் வீட்டுக்காரி. இந்த வருஷம் கையை உதறிவிட்டாள். பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் நாள் பூராவும் ஜனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் கடைக்காரர்களோடும் மல்லுக்கட்டத் தன்னால் ஆகாதாம். "ஒரு தடவை நீங்க போய் வாங்கிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றாள். தெரிந்தது.

முதலில் சட்டை. காலரில் 'எட்டு வயது' என்று சீட்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதற்குள் கடுகோடு இன்னொரு கடுகும் குடியிருக்கலாம். 'ஏழு வயது' போட்டால் கை முட்டியைத் தாண்டவில்லை. பாவாடைக்கு இடுப்பு சரியென்றால் நீளம் கணுக்காலைத் தொடுகிறது. நீளம் சரியென்றால் கொக்கி மாட்டும்வரை பிள்ளை மூச்சு விடக் கூடாது. லிஃப்ட் கதவு ஐந்து மில்லிமீட்டர் தள்ளி நின்றால் எனக்கு வேலை போய்விடும். இவர்கள் அரை முழம் தள்ளித் தைத்துவிட்டுப் பழியைப் பிள்ளை மேல் போடுகிறார்கள்: "வளர்ற பொண்ணுதானே சார்."

பிறகு ஷூ. உனக்குத் தெரியாததா? வலது பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிறந்தவளை, உன் மருத்துவமனை மாவுக்கட்டு அறையில் வாரம் ஒரு கட்டாக உன் கையாலேயே நிமிர்த்தினாய். அந்தக் கால் இன்று நன்றாக நடக்கிறது, ஓடுகிறது. ஆனால் இடது காலோடு சேர்ந்து வளர மாட்டேன் என்கிறது. எஃகு ஸ்கேல் வைத்து அளந்தேன். இடது 205 மில்லிமீட்டர், வலது 187. கடைக் கணக்கில் இடதுக்கு முப்பத்து மூன்று, வலதுக்கு முப்பது.

நாலு கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் இன்னொன்று எடுத்து ஒரு ஜோடியாகக் கொடுங்கள் என்றேன். மூன்று பேர் சிரித்தார்கள். நாலாவது, முச்சந்தியில் இருக்கும் பெரிய கடை. முதலாளி சிரிக்கவில்லை. "ஜோடியைப் பிரிச்சா மிச்சத்தை நான் எந்தக் காலுக்குப் போடுறது சார்?" என்றார். அவர் பேச்சில் மூச்சுக்கு ஒரு ஜோடி வருகிறது. கடைசியில் முப்பத்து மூன்றையே வாங்கினேன்; அவர் வலது ஷூவின் நுனியில் பஞ்சு வைத்து அடைத்துக் கொடுத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

அன்புடன்
உன் தம்பி


24 மே 1989

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் முழங்கால் அப்படியேதான். என் உடம்புக்கு வேலையே மருந்து.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். சட்டையின் கை, பாவாடையின் கொக்கி, கடைக்காரரின் மூச்சு எல்லாம் வந்துவிட்டது. கடுகு என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. நாலு கடையிலும் அவள் எங்கே நின்றாள்? நீ 'நல்லபடியாக முடிந்தது' என்று எழுதினால் ஏதோ முடியவில்லை என்று அர்த்தம். உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

பஞ்சு நாலு நாளில் கல்லாகிவிடும். பள்ளிக்கூடம் திறந்ததும் குதிகாலில் கொப்புளம் இருக்கிறதா என்று நீ குனிந்து பார். அவளைக் கேட்காதே, இல்லையென்றுதான் சொல்லுவாள். இரண்டு பாதத்தையும் காகிதத்தில் வைத்து, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரைந்து அனுப்பு.

இரண்டு கவுன் அனுப்பியிருக்கிறேன். என் கண்ணளவு தப்பாது.

ஆசியுடன்
அக்கா


20 ஜூன் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத ஆரம்பித்தேன். நீ அடுத்த வரியைச் சந்தேகப்படுவாய் என்பதால் உள்ளதை எழுதுகிறேன்.

முதலில் உன் கண்ணளவு. நீலக் கவுன் தோளில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டது. அவளை உள்ளேயிருந்து மீட்க நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். மஞ்சள் கவுன் தரையைக் கூட்டுகிறது. இரண்டிலும் 'எட்டு வயது' என்றுதான் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டு எட்டு வயதுக்குத்தான் அது தெரியவில்லை.

நாலு கடையிலும் கடுகு என் பின்னால்தான் நின்றாள். நாலாவது கடையில் நான் வாதாடிக்கொண்டிருந்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, பஞ்சே போதும்பா" என்றாள். அதனால்தான் வாங்கினேன். அதை உனக்கு எழுதக் கை வரவில்லை.

கொப்புளம் இருந்தது. ஒன்று உடைந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. ஒரு வாரமாகத் தானே காலுறையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

போன செவ்வாய்க்கிழமை ஓட்டப் பயிற்சி. பாதி ஓட்டத்தில் வலது ஷூ கழன்று பறந்து, நிழலில் உட்கார்ந்திருந்த விளையாட்டு ஆசிரியையின் மடியில் போய் விழுந்ததாம். பிள்ளைகள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவளும் சிரித்திருக்கிறாள். வீட்டில் வந்து நடித்துக்கூடக் காட்டினாள், நாங்களும் சிரித்தோம். வெள்ளிக்கிழமை காலையில் வயிற்றுவலி. இந்தச் செவ்வாய் மறுபடியும். விளையாட்டு வகுப்பு செவ்வாயும் வெள்ளியும்தான்.

பாதங்களை வரைந்து வைத்திருக்கிறேன். பென்சில் பட்டதும் கூச்சத்தில் நெளிந்தாள், அதனால் கட்டைவிரல் கொஞ்சம் கோணியிருக்கும்.

உன் தம்பி


2 ஜூலை 1989

அன்புள்ள தம்பிக்கு,

பாதங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. மாவுக்கட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "இது யாரு கால், இவ்வளவு அழகா வந்திருக்கு?" என்று கேட்டார். என் மருமகள் என்றேன். அவளிடம் சொல்.

வயிற்றுவலிக்கு மருந்து கொடுக்காதே. அது வயிற்றில் இல்லை.

இன்னொரு ஜோடி வாங்கு, முப்பதில். இடது காலுக்கு இருக்கிறதை வைத்துக்கொள், வலது காலுக்குப் புதியது. பஞ்சைத் தூக்கிக் குப்பையில் போடு. இது என்ன ஊதாரித்தனம் என்று உன் வீட்டுக்காரி கேட்டால், நான் சொன்னேன் என்று சொல். என்னோடு சண்டை போட அவளுக்குத் தபால் செலவாகும்.

இப்போது கேள். உன்னிடம் ஒரு வலது முப்பத்து மூன்றும் ஒரு இடது முப்பதும் மிஞ்சும். இந்த அறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் கால்களைப் பிடித்திருக்கிறேன். வலது மடங்கி வருகிறவர்கள் எத்தனை பேரோ, இடது மடங்கி வருகிறவர்களும் கிட்டத்தட்ட அத்தனை பேர். நிமிர்த்தி அனுப்பிவிடுகிறோம். வாசலைத் தாண்டியதும் அவர்கள் எந்தக் கடையில் போய் நிற்கிறார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு வெட்கமாக இருக்கிறது.

உன் ஊரிலேயே எங்கோ ஒரு பிள்ளை கடுகுக்கு நேர் எதிராக நின்று கொண்டிருக்கிறது. அதைத் தேடு.

அக்கா


25 ஜூலை 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், இந்த முறை நிஜமாகவே. முப்பது வாங்கினேன். வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷூவை வாங்கிப் பார்த்து, கடுகின் காலில் அவளே மாட்டி, முடிச்சை இரண்டு தடவை போட்டாள். கடுகு எழுந்து நின்று குதித்துப் பார்த்தாள். பிறகு வாசலிலிருந்து தெருக்கோடி வரை ஓடிப் போய்த் திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை வயிற்றுவலி வரவில்லை.

மிஞ்சிய ஒற்றைகளை எடுத்துக்கொண்டு முச்சந்திக் கடைக்குப் போய், இங்கே ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஜோடி இல்லாத கடைன்னு பேர் வந்துடும் சார்" என்றார். அவரை விடு.

லிஃப்டுக்குள் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கக் கூச்சம்; அதனால் சுவரில் என்ன இருந்தாலும் படிக்கிறார்கள். ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்ற பலகையைத் தினமும் புதிதாகப் படிப்பவர்கள் உண்டு. என் பொறுப்பில் நாற்பத்திரண்டு லிஃப்ட் இருக்கிறது. நாற்பத்திரண்டு நோட்டீஸ் எழுதினேன், கடுகு ஓரத்தில் ஷூ படம் போட்டாள்.

'வலது கால் 33, இடது கால் 30 அளவுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? கறுப்புப் பள்ளிக்கூட ஷூ தயாராக இருக்கிறது. விலை கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கிடம் கேட்கவும்.'

எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஒட்டியது நேராக இருக்கிறது, ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டினேன்.

உன் தம்பி


14 ஆகஸ்ட் 1989

தம்பிக்கு,

உன் யோசனை நன்று. எங்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது, எழுத நேரம் கிடைப்பதில்லை. கடுகுக்கு முத்தம்.

அக்கா


5 செப்டம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கையில் வலியா, மாமாவுக்கு ஏதாவதா? ஒரு வரி எழுது. மனது அடித்துக்கொள்கிறது.

நோட்டீஸ் விஷயம். முதல் வாரம் முழுக்க வேடிக்கைதான். ஒருவர் ஷூ வேண்டாம், செருப்பு இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர், இது ஏதாவது குறுக்கெழுத்துப் போட்டியா, பரிசு உண்டா என்றார். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் என்னைத் தேடி மோட்டார் அறை வரைக்கும், மூன்று மாடி, கட்டைக்கால் ஊன்றி ஏறி வந்தார். விபத்தில் இடது கால் போய்விட்டதாம். "பிள்ளைங்களுக்கு மட்டும்தானா? வலது நாப்பத்திரண்டு கிடைச்சா சொல்லுங்க. மூணு வருஷமா ஒரே ஷூவைத் தைச்சுத் தைச்சுப் போடுறேன்" என்றார். அவர் கேட்டபோதுதான் உறைத்தது. புது ஷூ வேண்டுமென்றால் அந்த மனிதர் ஜோடி வாங்கி ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும்.

பிறகு நாற்பத்தோரு நோட்டீஸை நானே கிழித்து எடுக்க வேண்டி வந்தது. அது கிடக்கட்டும்.

ஒன்று மிஞ்சியது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் பழைய லிஃப்ட், வாரத்துக்கு ஒரு முறைதான் அங்கே போவேன். கிழிக்கப் போனபோது கீழே பென்சிலால் எழுதியிருந்தது: 'வலது 33 கொஞ்சம் பெரிசு. ஆனாலும் பரவாயில்லை. இடது சரி. ஆறாம் மாடி, தட்டச்சு அறை.'

அந்தப் பழைய லிஃப்ட் ஊர்ந்து ஏறும்வரை எனக்குப் பொறுக்கவில்லை அக்கா. படியில் ஓடினேன்.

அதை எழுதிய அம்மா தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். என் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்து, "மெக்கானிக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில ஒன்பது ஒத்தை ஷூ கெடக்குது" என்றார்.

மகளுக்கு ஏழு வயது. இடது கால் மடங்கிப் பிறந்தவள். வலது முப்பத்திரண்டு, இடது முப்பது. ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தார். இரண்டு பெண்களும் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலைத்தான் பார்த்தார்கள். பிறகு தரையில் எதிரெதிராக உட்கார்ந்து உள்ளங்காலோடு உள்ளங்காலை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். பெரியதோடு பெரியது, சிறியதோடு சிறியது. "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தா ரெண்டு ஜோடி" என்றாள் கடுகு. அன்றைக்கெல்லாம் இரண்டும் ஷூவைக் கழற்றவே இல்லை.

பதில் போடு அக்கா.

உன் தம்பி


29 அக்டோபர் 1989

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு வாரமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். எங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது. உன்னிடம் ஒன்றை மறைத்தேன்.

ஜூலையில் உனக்கு 'தேடு' என்று எழுதிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் அறையின் பழைய பதிவேடுகளைத் திறந்தேன். உன் ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஒற்றைக்கால் மடங்கி வந்த பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று முகவரிக்கும் கடிதம் எழுதினேன். எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. ஒரு தகப்பனாருக்குக் கிடைத்ததும், அவர் நேரே பெரிய டாக்டருக்கு எழுதிவிட்டார். என் பிள்ளைக்கு மாவுக்கட்டு போட்டது ஊருக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தார்.

அவர் கேட்டது நியாயம். பதிவேடு நோயாளியின் சொத்து, என் முகவரிப் புத்தகம் இல்லை. டாக்டர் என்னை மாவுக்கட்டு அறையிலிருந்து எடுத்துத் துணிக் கிடங்குக்குப் போட்டார். இரண்டு மாதம் போர்வை எண்ணினேன். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்த அறைக்கு முன்னால் தள்ளுவண்டியில் அழுக்குத் துணி தள்ளிக்கொண்டு போவது எப்படி இருந்தது என்று உனக்கு எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் நீ ஷூவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றிருப்பாய்.

அந்தத் தகப்பனாருக்கு மன்னிப்புக் கேட்டு நானே எழுதினேன். போன வாரம் அவரிடமிருந்து பதில் வந்தது. உள்ளே வேறு எதுவும் இல்லை, ஒரு காகிதம் மட்டும். அதில் இரண்டு பாதம் வரைந்திருந்தது. ஓரத்தில், 'இடது 35, வலது 31. இவனுக்கும் கிடைக்குமா?'

அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். பார்த்துவிட்டு, "சுவத்துல ஒரு பலகை வெச்சுடுங்க. விருப்பம் உள்ளவங்க அவங்களே எழுதட்டும்" என்றார். பிறகு, போர்வை எண்ணிக்கை முடிந்ததா என்றும் கேட்டார். திங்கட்கிழமை பழைய அறைக்குத் திரும்புகிறேன்.

அந்தக் கடிதங்களுக்கு ஒன்பது வீட்டிலிருந்து பதில் வந்திருக்கிறது. உன்னிடம் முகவரி கொடுக்கலாம் என்று சம்மதம் எழுதியவர்கள் ஒன்பது பேருமே. பாதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மடங்காமல் பிரி.

அக்கா


8 நவம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டுக்காரி வாசித்தாள், நான் கேட்டேன். வாசித்து முடித்ததும், "அக்காவுக்கு நான் எழுதுறேன்னு சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்து வந்தவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நீ சொன்னதால் நானும் சொல்கிறேன். நோட்டீஸைக் கிழித்தது நானாக விரும்பி அல்ல. கம்பெனி மானேஜர் கூப்பிட்டு, லிஃப்ட் என்ன உன் வீட்டுச் சுவரா என்று கேட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அது என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. வீட்டில்கூட இன்றுதான் சொன்னேன். நம் இருவருக்கும் ஒரே புத்தி.

ஒன்பது பிள்ளைகளின் பாதங்களையும் கூடத்துத் தரையில் பரப்பினோம். கடிகாரக்காரரையும் ஆறாம் மாடியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன். டிசம்பர் மூன்றாம் தேதி ஞாயிறு எல்லோரையும் முச்சந்திக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலாளிக்கு இன்னும் தெரியாது.

உன் தம்பி


4 டிசம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படி.

நேற்றுக் காலை பத்து மணிக்கு முதலாளி ஷட்டரைத் தூக்கினார். வாசலில் நாங்கள் பதினோரு குடும்பம். பத்துப் பிள்ளைகள், கடிகாரக்காரர், பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். ஒன்பது வீட்டில் ஒரு வீட்டார் வர முடியவில்லை. மற்றவர்களில் இருவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு கால்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாரும் ஒத்தை ஒத்தையா கேக்கவா வந்திருக்கீங்க?"

"இல்ல. ஜோடி ஜோடியாதான் வாங்கப் போறோம். பிரிச்சுக்கிறது எங்க வேலை. உங்க கடையில ஒத்தைகூட மிஞ்சாது" என்றேன்.

என் அட்டவணையை நீட்டினேன். இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம், நடுவில் கோடு. லிஃப்டுக்கு மின்கம்பி வரைபடம் போடுகிற மாதிரிதான் போட்டிருந்தேன். அதை வாங்கி மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்.

அக்கா, அந்த மனிதருக்குத் தொழில் தெரியும். நான் மில்லிமீட்டரில் அளந்ததை அவர் கட்டைவிரலால் அளந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் மண்டியிட்டு, ஷூ நுனியை அமுக்கிப் பார்த்து, "இது வேண்டாம், அரை அளவு குறைச்சுப் போடுவோம்" என்று என் கணக்கை மூன்று இடத்தில் திருத்தினார். அவர் திருத்தியதுதான் சரி. பெற்றோர்கள் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, "இடது முப்பத்தொண்ணு யாருக்கு?", "இங்க, இங்க" என்று கை மாற்றிக்கொண்டார்கள். ஆறாம் மாடி அம்மா ஒரு பை நிறையத் தன் கட்டிலடி ஒற்றைகளைக் கொண்டு வந்திருந்தார். ஒன்பதில் ஐந்துக்குக் கால் கிடைத்தது.

கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். உனக்குப் பாதம் மட்டும் அனுப்பினாரே அந்தத் தகப்பனார், அவருடைய மகன். இடது முப்பத்தைந்துக்கும் வலது முப்பத்தொன்றுக்கும் எதிர்க்கால் எங்களில் யாருக்கும் இல்லை. இன்னொருவர் கடிகாரக்காரர். அந்தத் தகப்பனார் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை, நாங்கள் இரண்டு ஜோடியாகவே வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

முதலாளி ஏணியைச் சாய்த்து மேல்தட்டில் ஏறினார். இரண்டு சாக்கு மூட்டை கீழே விழுந்தது. அவிழ்த்துக் கொட்டினார். எல்லாம் ஒற்றை ஷூ, புத்தம் புதியது, தூசி மட்டும்.

"கண்ணாடிப் பெட்டியில பார்வைக்கு வைக்கிறது வெயில்ல வெளுத்துடும். அதோட ஜோடி மேல இருட்டுல புதுசாவே கெடக்கும். விக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது" என்றார். குவியலுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷமா சேத்து வெச்சிருக்கேன் சார். இதுங்களுக்கு ஒரு கால் வரும்னு நான் நினைச்சதே இல்ல."

நாங்கள் எல்லோரும் அந்தக் குவியலில் கையை விட்டோம். வலது முப்பத்தொன்றை வீட்டுக்காரி கண்டுபிடித்தாள். இடது முப்பத்தைந்து கடுகின் கையில் அகப்பட்டது; ஒன்றில் தையல் கொஞ்சம் வேறு, கறுப்பு ஒரே கறுப்பு. கடிகாரக்காரருக்கு நாற்பத்திரண்டில் மூன்று வலது கிடைத்தது. மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்று தெரியாமல் அவர் சிரித்த சிரிப்பை உனக்கு எழுத்தில் காட்ட முடியாது. மூட்டையிலிருந்து எடுத்த எதற்கும் முதலாளி காசு வாங்கவில்லை. ஒற்றைக்கு விலை போட்டுத் தனக்குப் பழக்கமில்லை என்றார்.

கிளம்பும்போது கடுகு அவர் முன்னால் போய் நின்றாள். "அன்னைக்குப் பஞ்சு வெச்சுக் குடுத்தீங்க. ரொம்ப வலிச்சுது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். அவர் தடுத்தார்.

"தப்புதாம்மா" என்றார். "இனிமே எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கடையில பஞ்சு கிடையாது."

இன்று வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். கடை வாசலில் பலகை. 'இரண்டு காலும் இரண்டு அளவா? மாதத்தின் முதல் ஞாயிறு வாருங்கள்.'

உன் தம்பி


18 டிசம்பர் 1989

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு தடவை படித்தாயிற்று. ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை மாமாவுக்கு, ஒரு தடவை மாவுக்கட்டு அறையில் எல்லோருக்கும் சத்தமாக. நாலாவது தடவை பெரிய டாக்டர் தானே வாங்கிப் படித்தார். இனிமேல் கட்டுப் பிரித்து அனுப்புகிற ஒவ்வொரு பிள்ளையின் தாயிடமும் அந்த முச்சந்திக் கடை விலாசம் எழுதிய சீட்டைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அவர்களைக் கேட்டுவிட்டுத்தான், என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

உன் வீட்டுக்காரியின் கடிதமும் வந்தது. அதில் இருப்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

அந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. கடுகு பெரியவளானதும் படிக்கட்டும்.

அக்கா


28 ஜனவரி 1990

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் மாமாவும் நலமா? இது நானே எழுதும் முதல் கடிதம். அப்பா பிழை மட்டும் பார்ப்பார்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம். நூறு மீட்டர். ஆறு பேர் ஓடினோம். அம்மா கவுண்டரை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஆறாம் மாடிச் சிநேகிதியும் அவள் அம்மாவோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்று கத்தினாள். தொடக்கத்தில் நான் இரண்டாவதாக இருந்தேன். பிறகு மூன்றாவது. முடிக்கும்போது நாலாவது.

ஷூ கழலவில்லை. கொப்புளமும் இல்லை. கால் வலிக்கவும் இல்லை. முன்னால் ஓடிய மூன்று பேரும் என்னைவிட வேகமாக ஓடினார்கள். அதுதான் காரணம், வேறு ஒன்றும் கிடையாது. எனக்கு ரொம்பக் கோபம் வந்தது.

இதையேதான் அப்பாவிடமும் சொன்னேன். "ஷூ மேல பழி போட முடியாதுப்பா, நான்தான் தோத்துட்டேன்" என்றேன். உடனே அப்பா அழுதுவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வருஷம் மூன்று பேரையும் முந்திவிடுகிறேன் என்று சொன்னேன், அப்போதும் நிறுத்தவில்லை. நாலாவதாக வந்ததற்கு யாராவது இவ்வளவு சந்தோஷமாக அழுவார்களா அத்தை? நீங்கள் கொஞ்சம் அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
கடுகு